நிறுத்திவிட்டுக் காத்திருந்தவள்

கலைமகள் எதையும் இரண்டாம் தடவை பார்க்காமல் நம்பமாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று அம்மா சொன்னாலும் எழுந்துபோய் சிலிண்டரின் திருகைத் தொட்டுப் பார்ப்பாள். கல்லூரியில் கடைசிப் பரீட்சையின் முடிவு வந்த அன்று, தேறியவர்கள் பட்டியலில் தன் பெயரைக் கண்டதும் அவள் முதலில் செய்தது, அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடியதுதான். அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. வாங்கியது உண்மையிலேயே தான்தானா என்ற சந்தேகம் இருபத்து நாலு வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான் வாய்த்திருந்தது. பூதலூரில் காலை ரயில் ஏறி தஞ்சாவூரில் இறங்குவாள். மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ராம்கி என்பவர் நடத்தும் சிறிய கம்ப்யூட்டர் அலுவலகம். அங்கே உட்கார்ந்துகொண்டு, மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வாள். அது எப்படி இருக்கும், எந்த நிறம் என்று அவளுக்குத் தெரியாது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் பதில் வரும். அதைத் தவிர அவளுக்கும் அதற்கும் வேறு பழக்கம் கிடையாது.

சர்வர் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துடையது. பூதலூரிலிருந்து பூம்புகார்வரை நாற்பது நெல் அறுவடை இயந்திரங்களை அவர்கள் வாடகைக்கு விட்டார்கள். நாளைக்கு எந்த மிஷின் எந்த ஊருக்கு, யார் வயல், எத்தனை மா நிலம், அவருடைய போன் நம்பர் என்ன என்ற பட்டியலை சர்வர் தினமும் சாயங்காலம் தயார் செய்யும். உழவர்களுக்கு அது மறுநாள் காலையில் போனில் உள்ள ஆப் வழியாகப் போகும்.

தை பிறந்து சம்பா அறுவடை சூடு பிடித்ததும் ஒரு தொல்லை ஆரம்பித்தது. மிஷின் வயலில் இறங்கும் முன்பே வரப்போரம் நெல் வியாபாரியின் லாரி வந்து நின்றது. ஈர நெல்லைக் காயவைக்கக் களம் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருப்பவனிடம், இங்கேயே போட்டுவிடு, மூட்டை சாக்குகூட நாங்களே கொண்டுவந்திருக்கிறோம் என்று பேச்சுக் கொடுத்து, அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு ஊரில், இரண்டு ஊரில் என்றால் தற்செயல் எனலாம். பட்டியல் வரிசைப்படியே லாரிகள் வந்தன.

நிறுவனத்தின் தலைவர் துரைராசு ஒரு திங்கட்கிழமை மாடிப்படி ஏறி வந்தார். அறுபது வயதுக்காரர். நாற்காலியில் உட்காராமல் மேசைமேல் கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ராம்கி, பட்டியல் உங்க பொட்டியிலேர்ந்துதான் போகுது. எங்க ஆளுங்க கையில அது காலையிலதான் கிடைக்குது. அதுக்குள்ள லாரி வந்து நிக்குது. உள்ள போற சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, கலைகிட்ட. முன்னாடி ஜெயபால்னு ஒருத்தர் இருந்தார், அவர்கிட்ட. போகும்போது அவர் சாவியை ரத்து பண்ணிட்டோம்."

துரைராசு அவள் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஊரும்மா?"

"பூதலூருங்க."

"மதிவாணன் உனக்கு என்ன வேணும்?"

"மாமாங்க. அம்மாவோட தம்பி."

"நெல் யாவாரம்தானே அவரு?"

"ஆமாங்க."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம்," என்று ராம்கியிடம் சொன்னார். "யாரு, எப்படின்னு எழுதிக் குடுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அவர் படி இறங்கியதும் ராம்கி பெருமூச்சு விட்டார். "கேட்டேல்ல கலை? ஒரு பேரு வேணுமாம்."

இருந்த பெயர்களே மூன்றுதான். ராம்கி முதலாளி, தன் பெயரைத் தானே கொடுக்கப் போவதில்லை. ஆக, ஜெயபால் அல்லது அவள். சனிக்கிழமைக்குள் வேறு வழி கண்டுபிடிக்காவிட்டால் வேலை போகும். திருட்டுப் பட்டத்தோடு போகும். பூதலூரில் அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் ரயில் ஏறிப் போய்விடும்.

அன்றைக்கே அவள் சர்வரிடம் கேட்டாள்: உன்னிடம் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது, வெளியுலகத்துக்கு எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது? பன்னிரண்டு வரிகள் வந்தன. சர்வரில் பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் சின்னச் சின்ன வேலைகளை சர்வீஸ் என்பார்கள். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து யாராவது தட்டுவார்களா என்று தன் வாசலில் காத்துக்கொண்டிருக்கும். வேலை இல்லாத சர்வீஸ் ஓடுகிறது என்றால் ஆள் இல்லாத வீட்டுக் கொல்லைக்கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள்.

நோட்டில் பன்னிரண்டையும் எழுதி, எதிரே இது யாருக்கு என்று குறித்தாள். இணையதளம், எல்லாருக்கும். தரவுத்தளம், இணையதளத்துக்கு. உள்ளே நுழையும் வழி, எங்களுக்கு. கடைசி வரியில் எட்டாயிரம் என்ற எண்ணுள்ள வாசல் இருந்தது. அது அவளே போட்டது. ஐப்பசி அடைமழையில் குறுவை அறுவடை பாதியில் நின்று, ரயிலும் ஓடாமல் வீட்டில் அடைந்து கிடந்த வாரத்தில், பட்டியல் சரியாக வருகிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு சின்ன வழி. எதிரே 'நான்' என்று எழுதிவிட்டு மேலே போனாள். மீதி எட்டுக்கு எதிரே கேள்விக்குறி.

பிரிண்டர் சர்வீஸ் ஓடியது. மும்பையில் இருக்கும் பெட்டிக்குப் பிரிண்டர் எதற்கு? புளூடூத் ஓடியது. அது யாரோடு பேசப்போகிறது? யார் போட்டது, எப்போது, ஏன் என்று ஒரு வரி குறிப்பு கிடையாது. ஜெயபால் எதையும் எழுதி வைக்கும் ஆள் இல்லையாம். எழுதாததற்குச் சோம்பல் மட்டும்தான் காரணமா?

"எப்படிக் கண்டுபிடிப்ப, எது யாருக்குன்னு?" என்று ராம்கி கேட்டார்.

"எங்க பக்கத்துல வாய்க்கால் கரைக்கு அடியில கள்ளக் குழாய் பொதைச்சிருப்பாங்க சார். யார் வயலுக்குப் போகுதுன்னு தோண்டிப் பாக்க முடியாது. வைக்கோலையும் களிமண்ணையும் திரிச்சு வாயை அடைச்சிட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. மறுநாள் மம்பட்டியோட எவன் சத்தம் போட்டுக்கிட்டு வர்றானோ, அவன் குழாய் அது."

ராம்கி சிரித்தார். "பெரிய பெரிய கம்பெனியிலயும் இதைத்தான் பண்றாங்க. நீ பண்ணு. ஆனா நிறுத்து, புடுங்கி எறிஞ்சிடாத."

அவள் அப்படித்தான் செய்தாள். பிரிண்டரை நிறுத்தினாள். புளூடூத்தை நிறுத்தினாள். நிறுத்தினால் மட்டும் போதாது. பெட்டி அணைந்து எழுந்தால் தானாகத் தொடங்காதபடியும் உத்தரவிட வேண்டும். அதையும் செய்தாள். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் பிரிண்டர் சர்வீஸ் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தியதை எழுப்பியது யார்? ராம்கியின் முதுகைப் பார்த்தாள். அவர் போனில் யாரோடோ பிரியாணி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவரே வேறு ஆளை வைத்து ஏதாவது செய்கிறாரா? என்னை மாட்டிவிடத்தான் இந்த நாடகமா? அரை மணி நேரம் படித்த பிறகுதான் விளங்கியது: அதற்குத் துணையாக இன்னொரு சர்வீஸ் இருக்கிறது, வாசலில் யாராவது தட்டினால் தூங்குகிறதைத் தட்டி எழுப்பிவிடும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ யாராவது தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். துணையையும் நிறுத்தி, இரண்டையும் யார் கூப்பிட்டாலும் எழாதபடி கட்டிப்போட்டாள். எழவில்லை. யாரும் கேட்டு வரவும் இல்லை. சந்தேகம் மட்டும் ராம்கி மேல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காரணம் இல்லை என்று தெரிந்த பிறகும் சந்தேகம் ஏன் போவதில்லை என்று அவளே யோசித்தாள்.

மத்தியானம் எஃப்டிபிக்கு வந்தாள். கோப்புகளை அனுப்பவும் எடுக்கவும் உள்ள மிகப் பழைய வழி அது. கடவுச்சொல்லைக்கூட மூடாமல் அஞ்சலட்டை மாதிரி அனுப்பும். இந்தக் காலத்தில் யாரும் வைத்திருப்பதில்லை. அதன் பதிவேட்டைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தினமும் காலை ஐந்து நாற்பதுக்கு 'நீலா' என்ற பெயரில் யாரோ உள்ளே வந்திருந்தார்கள். ஒரே ஒரு கோப்பை எடுத்திருந்தார்கள். அன்றைய மிஷின் பட்டியல். ஒன்றரை வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

"யாரு சார் நீலா?"

ராம்கி வந்து குனிந்து பார்த்தார். "அடப்பாவி. ஜெயபால் நாகப்பட்டினத்துக்காரன். அந்த ஊர்ல தெருவுக்கு நாலு நீலா இருக்கும். காதலி பேரா இருக்கும்."

"காதலி எதுக்கு சார் மிஷின் லிஸ்ட் பாக்குறாங்க?"

"அதானே. அப்ப வேற எதுக்கோ வச்ச பேரு. நிறுத்திட்டுப் பாரு. லிஸ்ட்டுக்குக் காசு குடுத்தவன் கண்டிப்பா கூப்பிடுவான்."

அன்று சாயங்காலம் எஃப்டிபியை நிறுத்தினாள்.

புதன்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அலுவலகப் போனைத் தன் மேசைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டாள். நிறுவனத்தின் அலுவலகத்திலும் கேட்டாள். புகார் எதுவும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. ஒன்றரை வருடம் தினமும் வந்த ஆள், கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம்? உரிமை உள்ளவன் சண்டைக்கு வருவான். உரிமை இல்லாதவன்தான் ஓசைப்படாமல் போவான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வியாழன் மாலை அறிக்கையை எழுதினாள். முன்னாள் ஊழியர் ஜெயபால், தான் விலகுவதற்கு முன்பு, நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் ஒரு ரகசிய வழியை ஏற்படுத்தி, என்று போயிற்று அது. ராம்கி படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க. இதை வச்சுப் போலீஸுக்கே போலாம்," என்றார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ரயிலில் நிம்மதியைச் சந்தேகப்பட்டாள். ஜெயபாலை அவள் பார்த்ததே கிடையாது. ஒரு மனிதனைப் பார்க்காமலே அவனை முடித்துவைக்க நாலு பத்தி போதுமா? ஆனால் அவன் இல்லையென்றால் நான். அந்தக் கணக்கு அவளைத் தூங்கவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ரயில் பூதலூரை விட்டு நகர்ந்து இரண்டு நிமிடம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே, ஒரு வயலில் மிஷின் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்போரம் லாரி. தார்ப்பாய் விரித்து, சாக்குக் கட்டு அவிழ்த்து, இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மிஷினுக்குக் காத்திருக்கிறார்கள்.

எஃப்டிபி மூடி மூன்று காலை ஆகிவிட்டது. நீலாவுக்குப் பட்டியல் போகவில்லை. லாரிக்குப் போயிருக்கிறது.

அலுவலகத்துக்குள் நுழையும்போது ராம்கி போனை வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "மிஷின் ஆபீஸ்லேர்ந்து. ஆத்தோட கீழக்கடைசியில மணல்குடின்னு ஒரு ஊராம். மூணு நாளா மிஷின் போயி நிக்குது, ஒரு ஆளும் வயல்ல இல்லையாம். டிரைவர் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிடுறான். மழை வேற வரும்னு பேசிக்கிறாங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு அறுக்க வேண்டாம் போலருக்கு."

"எந்த மூணு நாள் சார்?"

"புதன், வியாழன், இன்னிக்கு."

அவள் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். பட்டியலில் மணல்குடிக்கு எதிரே பத்துப் பதினைந்து வயல்கள் இருந்தன. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் ஒரே நம்பர். பால் சொசைட்டி என்று போட்டிருந்தது. அடித்தாள். ஒரு பெண் எடுத்தார்.

"பால் சொசைட்டிங்களா? தஞ்சாவூர்லேர்ந்து பேசறேன். மிஷின் பட்டியல் பாத்துக்கற ஆபீஸ். நீங்க யாருங்க?"

"நீலாயதாட்சிங்க. இங்க பால் அளந்து எழுதுறேன்."

கலைமகள் நோட்டைப் புரட்டி, 'நீலா' என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள். "நீங்க தினமும் காலைல கம்ப்யூட்டர்ல பட்டியல் எடுப்பீங்களா?"

"எடுக்கறதுன்னா, அதுவே எடுத்துக்கும். பழைய பொட்டிங்க. உங்க புது ஆப்பு இதுல வரலை. ஜெயபால் தம்பி ஏதோ பண்ணிக் குடுத்துச்சு. பொட்டியைப் போட்டா அதுவா பிரிண்டர்ல கரகரன்னு அடிச்சுத் தள்ளும். கிழிச்சு செவுத்துல ஒட்டுவேன். பால் ஊத்த வர்ற சனம் பாத்துட்டுப் போயி வயல்ல நிப்பாங்க. இங்க முக்காவாசிப் பேருக்குப் பட்டன் போனுதானே."

"மூணு நாளா வரலையே, ஏங்க கூப்பிட்டுக் கேக்கலை?"

அந்தப் பக்கம் பால் கேன் ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"யாரைங்க கேக்குறது? ஆத்துல தண்ணியே மேல உள்ளவங்க விட்டாத்தான் எங்களுக்கு. வந்தா வரும். நின்னா, நிறுத்திட்டாங்க போலருக்குன்னு இருந்துக்குவோம். பட்டியலும் அப்படித்தான் நின்னுருச்சுன்னு நினைச்சோம். காரணம் எங்களுக்கு எப்ப சொல்லியிருக்காங்க?"

"நான்தாங்க நிறுத்தினேன்."

"அப்படிங்களா," என்றார் நீலாயதாட்சி. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்டுக்கொள்வதுபோல் சொன்னார்.

போனை வைத்த பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இவரும் ஜெயபாலும் பேசிவைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஜெயபாலின் நம்பரை ராம்கியிடம் வாங்கி அடித்தாள். அவன் இப்போது சென்னையில் வேறு வேலையில் இருந்தான்.

"மணல்குடியா? ஆமா, நான்தான் போட்டேன். என்ன ஆச்சு?"

"ஒரு வரி எழுதி வச்சிருக்கலாம்ல சார்? யாருன்னே தெரியாம நாங்க..."

"எழுதி வச்சா தலைவர் கண்ணுல படும். ஒரே ஒரு ஊருக்கு எதுக்குத் தனி வழி, எல்லாரும் ஆப் பாக்கட்டும்னு சொல்லுவார். தேவையில்லாததுன்னு முதல் ஆளா நீங்களே நிறுத்தியிருப்பீங்க."

"எழுதாததாலதான் சார் நிறுத்தினேன்."

அவன் மெதுவாகச் சிரித்தான். "அது என் தப்பு. பழைய எஃப்டிபி வேற. அதை விட்டுட்டு வந்ததும் தப்புதான். என் பேரைத் திருடன் லிஸ்ட்டுல போட்டாச்சா?"

அவள் மேசைமேல் இருந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். "போட்டாச்சுன்னா அடிச்சிருங்க தங்கச்சி," என்றான் அவன். "எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

அறிக்கையிலிருந்து அவன் பெயரை நீக்கினாள். ஜெயபால் இல்லையென்றால் நான் என்ற கணக்கில் இப்போது ஒரு பெயர்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை முழுக்க மற்ற கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். எதற்கும் யாரும் வரவில்லை. ஆனால் யாரும் வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று இப்போது தெரிந்திருந்ததால், ஒவ்வொன்றின் பதிவேட்டையும் பின்னோக்கிப் போய் வரி வரியாகப் படித்தாள். எதிலும் ஆள் நடமாட்டம் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கூட்டம் பதினோரு மணிக்கு. நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டில் மூன்று தேவையானவை. எட்டு நிறுத்தியவை. அவள் தொடாமல் விட்டது ஒன்றே ஒன்று, 'நான்' என்று எழுதிய எட்டாயிரம். அதைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அதை அவள் மட்டும்தானே பயன்படுத்துகிறாள்? யோசித்துப் பார்த்தால், மழை விட்ட பிறகு அவளே பயன்படுத்தவில்லை. எல்லாருடைய கதவையும் சாத்திவிட்டு இதை ஏன் விட்டேன்? வெட்கப்பட்டுக்கொண்டே நிறுத்தினாள்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. மதிவாணன் மாமா.

"கலை, வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணுமில்ல, உங்க லிஸ்ட்டு இன்னிக்குத் திறக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. போனை அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன். உங்க பக்கம் எதும் ரிப்பேரா?"

"எந்த லிஸ்ட்டு மாமா?"

"மிஷின் லிஸ்ட்டுதான். அன்னிக்கு மழையில கரண்ட் இல்லாம உன் போன் செத்துப்போச்சுன்னு என் போனை வாங்கிக் காட்டுனியே."

"நான் காட்டலை. நான் பாத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே. அப்புறம் ஒரு நாள் போன்ல எதையோ தேடும்போது அது பாட்டுக்கு மேல வந்து நின்னுச்சு. தொட்டேன், திறந்துருச்சு. பூட்டு, கடவுச்சொல்லு ஒண்ணும் கேக்கலை. பொதுவா எல்லாருக்கும்னு நினைச்சேன்."

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"நம்ம யாவாரிங்க குரூப்புல போட்டு விட்டேன். உபயோகமா இருக்குமேன்னு. உன் பேரை இழுக்கலைம்மா. எங்க வீட்டுப் புள்ள செஞ்சதுன்னு மட்டும்தான் சொன்னேன். எல்லாரும் ரொம்பப் பெருமையாப் பேசினாங்க."

"மாமா, அது வெளியாளுங்க பாக்கக் கூடாத லிஸ்ட்டு."

"அப்படின்னா பூட்டியில்ல வச்சிருக்கணும்?" என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, புரியாததுபோல் பேசுகிறாரா என்று குரலை வைத்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லூரியில் சேர்க்க அவளைச் சைக்கிளில் கூட்டிப்போய் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தக் கையெழுத்தையும் இனிமேல் இரண்டாம் தடவை பார்க்க வேண்டுமா? "சரி, எப்பத் திறப்பீங்க?" என்று கேட்டார்.

"திறக்கமாட்டோம் மாமா."

எட்டாயிரத்தின் பதிவேட்டை அதன் பிறகுதான் திறந்தாள். ஐப்பசியில் அவள் பார்த்த இரண்டு மூன்று வரிகள். பிறகு கார்த்திகையில் ஒரு போன். மார்கழியில் ஆறு. தையில் எண்ணி மாளவில்லை. எல்லாம் அங்கேயே எழுதிக் கிடந்தது. திங்கட்கிழமையே பார்த்திருக்கலாம். மற்றவர்களுடைய பதிவேட்டைத்தான் அவள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ராம்கி வந்ததும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். "இதை யாருக்கும் சொல்லாம விட்டுடலாம் கலை. வழி இருந்துச்சு, அடைச்சாச்சு. யாரு போட்டதுன்னு தெரியலைன்னு எழுதிடு. ஜெயபாலும் இல்ல, நீயும் இல்ல."

அது பொய்யும் இல்லாத, உண்மையும் இல்லாத ஒரு வரி. அவள் அதைத் திரையில் எழுதிப் பார்த்தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. துரைராசு அதைப் படித்துவிட்டு ஜெயபாலைத்தான் நினைப்பார். அவன் பெயரைத் திங்கட்கிழமையே அவர் காதில் போட்டாயிற்று. அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினாள்.

கூட்டத்தில் துரைராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். எட்டாயிரம் வாசலைத் திறந்தது கலைமகள். பூட்டாமல் வைத்தது கலைமகள். உறவினர் மதிவாணனின் போனில் திறந்தது கலைமகள். மணல்குடிக்குப் போன பட்டியலைத் தவறாக நிறுத்தியதும் கலைமகள். ஜெயபாலுக்கு இதில் தொடர்பு இல்லை.

"நீயா ஒத்துக்கிட்டா விட்டுருவோம்னு நினைச்சியா?"

"இல்லீங்க."

"உங்க மாமா கேட்டுத் திறந்துவிட்டியா?"

"இல்லீங்க."

"அதை நான் எப்படி நம்புறது?"

அவர் இடத்தில் இருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள். அதையே சொன்னாள். துரைராசு கண்ணாடியைக் கழற்றினார். சீசன் முடியும்வரை ராம்கியே பார்த்துக்கொள்ளட்டும், இந்தப் பொண்ணு கையில் இன்று சாயங்காலத்துக்கு மேல் சாவி இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. வேலையில் வைப்பதும் வைக்காததும் ராம்கி பாடு. வண்டியில் திரும்பும் வழியில் ராம்கி திங்கட்கிழமை வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவள் மணல்குடிக்கு மட்டும் பூட்டுள்ள ஒரு வழி போட்டாள். அந்த ஒரு கோப்பைத்தான் எடுக்கலாம், வேறெதையும் தொட முடியாது, எழுத முடியாது. நோட்டில் அதற்கு எதிரே யாருக்கு, எதற்கு, யார் போட்டது, நிறுத்தும் முன் யாரைக் கேட்க வேண்டும் என்று முழுசாக எழுதினாள். சாயங்காலப் பால் நேரத்தில் நீலாயதாட்சியைக் கூப்பிட்டு, பழைய பெட்டியில் எதை எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு போனுக்குள் பிரிண்டர் கரகரத்தது.

"வருதுங்க. நாளைக்கு நாலு வயலு போட்டிருக்கு." யாரிடமோ பேரைப் படித்துக் காட்டினார். திரும்பி வந்து கேட்டார்: "நாளன்னிக்கும் வருமா, இல்ல சொல்லாம நிறுத்திருவீங்களா?"

"வரணும். வரலைன்னா கூப்பிடுங்க. என்னை இல்ல, நான் இருக்கமாட்டேன். ராம்கி சார் நம்பர் தர்றேன்."

"அதெல்லாம் எங்களுக்கு வராதுங்க, பெரிய ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கறதெல்லாம்."

கலைமகள் யோசித்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. வரலைன்னா சொல்ல வேண்டாம். வந்தா சொல்லுங்க. தினமும் காலைல வந்துருச்சுன்னு ஒரு மெசேஜ் அனுப்புங்க. ஒரு நாள் உங்க மெசேஜ் வரலைன்னா இங்க உள்ளவங்க உங்களைக் கூப்பிடணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"வந்ததுக்கெல்லாமா சேதி சொல்லுவாங்க?" நீலாயதாட்சியின் குரலில் முதல் தடவையாகச் சந்தேகம் தெரிந்தது. "இதுல வேற எதும் இல்லையே? அப்புறம் அதையே வச்சு எங்க ஊரைப் பட்டியல்லேர்ந்தே எடுத்துட மாட்டாங்களே?"

"தெரியலைங்க. எடுத்தா ஏன்னு கேக்க உங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கும்."

அந்தப் பக்கம் அளவுக் குவளை கேனில் இடிபடும் சத்தம் வந்தது.

"சரி, நம்பரைச் சொல்லுங்க," என்றார் நீலாயதாட்சி. "எழுதிக்கறேன். இருங்க, ரெண்டு தடவை சொல்லுங்க."